பனி ரோட்டுக்கு டயர் காத்தைக் குறைக்காதீங்கோ

ஆசிரியருக்கு வணக்கம். பனி காலத்தில டயர் காத்தக் கொஞ்சம் இறக்கி விட்டா வழுக்காது எண்டு கனடாவில இருக்கிற பிள்ளையளுக்கு எங்கட ஆக்கள் போன்ல புத்தி சொல்லீனம், தயவுசெய்து அப்பிடிச் சொல்லாதீங்கோ. மணலில புதைஞ்ச வாகனத்த மெதுவா வெளிய எடுக்க அது சரி, ஹைவேல ஓட இல்ல.

குளிரே காத்தைக் குறைக்கும். வெப்பநிலை 5, 6 பாகை இறங்கினா காத்தழுத்தம் 1 பிஎஸ்ஐ (டயர் காத்து அளக்கிற அலகு) அளவில போகும், அப்ப 20 பாகையில 32 அடிச்ச டயர் மைனஸ் 10ல 27க்குக் கிட்ட வந்து நிக்கும், அதுக்கு மேலயும் இறக்கினா ஸ்டியரிங் சொன்னபடி கேக்காது, டயர் ஓரமும் தேயும். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல உள்ளதுதான் சரியான அளவு, டயர்ல அச்சடிச்சிருக்கிறது உச்ச அளவு. அதையும் ஓட முந்தி, டயர் ஆறி இருக்கேக்கதான் பாக்கவேணும்.

பிடிமானம் தாறது பனிக்கெண்டே செய்த வின்டர் டயர், கனடாவின்ர கியூபெக் மாகாணத்தில டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் அது சட்டமே. இங்க பெற்றோல் ஷெட்டில பெடியனே காத்தடிச்சு விடுவான், அங்க தாங்களேதான் பாக்கவேணும், காத்தளக்கிற ஒரு கேஜ் வாங்கி கார்ல வைக்கச் சொல்லுங்கோ, பெரிய விலை இல்ல.

வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 06