அந்த 4 பேர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் நாளிதழை நான் உரக்கப் படிப்பேன், அம்மா கேட்பார். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. காது மட்டும் இன்னும் கூர்மை. அதனால் நீங்கள் எண்களை அச்சிடும் விதம் என் கண்ணைவிட நாக்கைத்தான் அதிகம் இடறுகிறது.

சென்ற வார இணைப்பில் வந்த சிறுகதையில், ‘4 பேர் 4 விதமாகப் பேசுவார்கள்’ என்று ஒரு தாய் மகளிடம் சொல்கிறார். நாலு பேர் என்றால் ஊர் உலகம். அதை இலக்கத்தில் போட்டதும், பெயர் விலாசத்தோடு நான்கு ஆசாமிகள் வாசலில் வந்து நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. மகளோ ‘2 கைகளாலும்’ முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அழுகிற இடத்தில் கணக்கு எதற்கு?

செய்திப் பக்கங்களில் வேறு சங்கடம். ‘2-3 பேர் காயம்’, ‘2-3 என்ற கோல் கணக்கில் தோல்வி’, ‘3-ஆம் ஆண்டு’. ஒரே சிறு கோட்டுக்கு இத்தனை வேலை. இரண்டு மூன்று பேர் என்றே போட்டால் எவ்வளவு இடம் போய்விடும்? அப்புறம் அந்தத் தசமப் புள்ளி. ‘2.5 ஆண்டு சிறை’ என்பதை அப்படியே படித்தேன். “ரெண்டு வருஷம் அஞ்சு மாசமா?” என்று கேட்டார் அம்மா. இரண்டரை ஆண்டு என்று இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. உள்ளே இருப்பவருக்கு ஒரு மாத வித்தியாசம் சின்ன விஷயமா என்ன?

எல்லா எண்ணையும் எழுத்தால் எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. 1947 என்பதை எழுத்தில் நீட்டி முழக்கினால் படிக்கிறவருக்கு மூச்சு வாங்கும். தேதி, நேரம், வெப்பநிலை, மருந்தின் அளவு, வாக்கு எண்ணிக்கை எல்லாம் இலக்கத்தில் இருப்பதுதான் சரி. தேடிப் பார்க்கிறவருக்கும் ஒப்பிடுகிறவருக்கும் அதுதான் வசதி. ‘1 கோடியே 20 லட்சம்’ என்று இரண்டையும் கலந்து எழுதுகிறீர்களே, அது நல்ல வழக்கம். ‘1,20,00,000’ என்று போட்டால் சுழியங்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

ஆங்கிலப் பத்திரிகைகள் பலவற்றில் ஒன்பது வரை எழுத்து, 10 முதல் இலக்கம். ஆங்கில நூல் பதிப்பாளர்கள் பலர் பின்பற்றும் எழுத்து நடை விதிநூலான சிகாகோ பாணிக் கையேடு பொதுவாக நூறு வரைக்கும் எழுத்தால் எழுதச் சொல்கிறது. நமக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளும் அவசியமில்லை. ஆட்களை எண்ண இருவர், மூவர், நால்வர், ஐவர் என்று தமிழில் தனியே சொற்கள் இருக்கின்றன. ‘எண்மர்’ இன்றைய செய்திக்குக் கொஞ்சம் விறைப்பு. அங்கே எட்டுப் பேர் போதும். ஆனால் ‘3 பேரும் தப்பினர்’ என்பதைவிட ‘மூவரும் தப்பினர்’ என்பது சுருக்கம், வாய்க்கும் சுகம்.

தலைப்புகளில் இடநெருக்கடி இருப்பது புரிகிறது. அங்கே இலக்கமே இருக்கட்டும். சிறுகதைப் பக்கத்துக்கு அந்த நெருக்கடி கிடையாது. முதலில் அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி