தொட்டியைச் சீமெந்தில் கட்டாதே

முல்லைத்தீவு

அன்பின் ராசன்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். கிணற்றடி அறையைப் படம் கழுவுகிற இருட்டறையாக்கப் போகிறாய் என்றதில் எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் மருந்துத் தட்டுகளை வைக்கிற தொட்டியைச் சீமெந்தில் கட்டாதே. டெவலப்பரின் வேலையை நிறுத்துகிற ஸ்டொப் பாத்தில் உள்ள அசற்றிக் அமிலம் சீமெந்தின் சுண்ணாம்பைத் தின்னும். படத்தை நிலைக்கவைக்கிற பிக்ஸர் உள்ளே ஊறி உப்பாய்ப் பூக்கும். அந்தத் தூள் பறந்து நெகட்டிவில் ஒட்டும். தகரமும் வேண்டாம், பிக்ஸர் நாகப்பூச்சை அரித்துவிடும். கரையோரம் படகு ஒட்டுகிற ஆக்களிடம் இருக்கிற பைபரும் ரெசினும்தான் இதற்குச் சரி.

அடிக்கு 18 மில்லிமீற்றர் பிளைவுட், பக்கங்களுக்கு 12. உள்ளளவு 6 அடிக்கு 2 அடி, உயரம் 6 அங்குலம். வடிகால் பக்கம் 1 அங்குலம் பதியட்டும். சதுர மீற்றருக்கு 450 கிராம் மட் (கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு படை போட 5 சதுர மீற்றர் வாங்கு. ரெசின் 6 கிலோ.

கவனமெல்லாம் மூலையில் இருக்கட்டும். மட் செங்கோணத்தில் மடியாது. தூக்கிக்கொண்டு நிற்கும், பின்னால் காற்று அடைபடும், பிறகு அந்த இடத்தில்தான் வெடித்து ஒழுகும். தண்ணீர் உள்ளே போனால் பிளைவுட் படைபடையாய்ப் பிரிந்துவிடும். அதனால் முதலில் ரெசினில் டல்க் பவுடரைக் குழைத்து, மூலை நெடுக அரை அங்குல வளைவு வரும்படி இழுத்துவிட்டு, அது பிசுபிசுப்பாய் இருக்கும்போதே மட்டைப் போடு. பிரஷால் தேய்க்காதே, குத்து. தேய்த்தால் நார் இழுபட்டு வரும். வெள்ளையாய்த் தெரிகிற இடமெல்லாம் ரெசின் ஊறாத இடம். வெளிப்பக்கத்துக்கும் வெட்டு விளிம்புக்கும் ரெசின் பூச மறவாதே.

ரெசினை இறுக்குகிற ஹார்ட்னர், 1 கிலோ ரெசினுக்கு 10 மில்லிலீற்றர். குறைத்தால் முழுக்க இறுகாது. நம் வெயிலுக்குக் கூட்டினால் பேணிக்குள்ளேயே சூடேறி இறுகிப்போகும். வெள்ளணவே தொடங்கு, ஒரு தடவைக்கு அரைக் கிலோ மட்டும் கல. இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டைத் தனியாகத் தந்தால் அதையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரே சேர்க்காதே, வெடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், கண்ணாடி போட்டுக்கொள். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்த ரெசின் வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப்பட்ட மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். மணம் முழுக்கப் போகும்வரை பேப்பரையும் பிலிமையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதே.

8க்கு 10 அங்குலப் பேப்பருக்கான தட்டுகளையும் இதே முறையில் 9 மில்லிமீற்றர் பலகையில் செய்யலாம். உள்ளளவு 9க்கு 11, உயரம் 3 அங்குலம். 1 லீற்றர் ஊற்றினால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் நிற்கும். அடியில் இரண்டு பீவீசிக் கீலம் ஒட்டினால் பேப்பரை இடுக்கியால் எடுக்கச் சுகம். படத்தைத் தோன்றவைக்கிற டெவலப்பரின் தட்டை டெவலப்பருக்கே வைத்திரு.

தட்டுகள் மட்டமாய் இருக்க, சரிவுக்கேற்றபடி கால் சீவிய சட்டங்களைக் கீழே வை. வடிகால் துளையில் கழற்றக்கூடிய ஒன்றரை அங்குலப் பீவீசிக் குழாயை நிமிர்த்திச் செருகினால் தொட்டியே குளிர்நீர்த் தொட்டியாகும்; ஐஸ் போத்தல்களை அதற்குள் போட்டு டெவலப்பரை 20 பாகைக்கு இறக்கலாம். குழாயின் வாய் சட்டங்களுக்கு மேல் அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நீர் அதிகம் ஏறினால் தட்டு மிதக்கலாம்.

பாவித்த பிக்ஸரை மட்டும் அந்தக் குழாயில் விடாதே. அதில் வெள்ளி இருக்கிறது, நீ குடிக்கிற கிணறு பக்கத்திலேயே. மூடியுள்ள கானில் சேர்த்து வை. கழுவுகிற தண்ணீரையும் கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாய்க் கொண்டுபோ.

மட் போடுகிற நாளை முன்னமே எழுது. காற்றுக் குமிழி எடுக்கிற இரும்பு ரோலர் என்னிடம் இருக்கிறது, பஸ்சில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
சிவம்