உன் நம்பரை நான் கொடுக்கவில்லை, தம்பி

மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீ "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவில் அப்பாவுக்கு நண்பரானவரிடம் உன் நம்பரைக் கொடுத்து, அவரையே உன்னைக் கூப்பிடச் சொல்லும்படி கேட்டாய். நான் கொடுக்கவில்லை. கோபப்படாதே. அவரிடம் பேசினேன். "தம்பியைக் கூப்பிடச் சொல்லுங்கம்மா, நடுராத்திரி ஆனாலும் எடுக்கிறேன்" என்றார். அவருடைய நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிட வேண்டியது நீதான்.

ஏ.ஏ. தொடங்கியதே அப்படி ஒரு போனில்தான். 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊருக்கு வியாபார விஷயமாக வந்த பில் என்பவர், வந்த காரியம் கெட்டுப்போய் ஹோட்டலில் தனியாக நின்றிருக்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் டெலிபோன். தேவாலயங்களின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டு, "பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், அறுவை சிகிச்சை நிபுணர். பதினைந்து நிமிஷம்தான் இருப்பேன் என்று வந்தவர் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தாராம். குடிக்காதவர்கள் சொன்ன புத்திமதியெல்லாம் இரண்டு பேருமே முன்பே கேட்டு அலுத்தவர்கள். நான் உனக்குச் சொன்னதும் அந்த வகைதானே.

ஆனால் ஏ.ஏ.வுக்குப் போவதற்கு முன்னால் டாக்டரைப் பார். பொங்கலுக்கு வந்தபோது காலையில் காபி டம்ளர் உன் கையில் ஆடியதைப் பார்த்தேன். தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் புத்தி பேதலித்து இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள் மருந்து கொடுத்துப் பக்குவமாக நிறுத்த வைப்பார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அடையாறில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது. எங்கே போவது என்று குழம்பினால் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-க்கு போன் அடி, கட்டணம் இல்லை. கீழ்ப்பாக்கம் என்றதும் முகத்தைச் சுளிப்பாய், தெரியும். டாஸ்மாக் வரிசையில் நிற்பதைவிடவா அது கேவலம்?

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர் பார்த்துத் தேடலாம். போவதற்கு முன் போன் செய்து நேரத்தையும், தமிழா இங்கிலீஷா என்பதையும் கேட்டுக்கொள். 'ஓபன் மீட்டிங்' என்றால் வீட்டுக்காரர்களும் வரலாம், 'குளோஸ்ட்' என்றால் குடியை விட நினைக்கிறவர்கள் மட்டும். ஆன்லைனிலும் நடக்கிறது. உன்னை எனக்குத் தெரியும், கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாய். முதலில் நேரில் போ.

நான் பார்த்தது ஓபன் மீட்டிங் மட்டும்தான். முழுப் பெயர், வேலை, சம்பளம் எதையும் கேட்பதில்லை. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரையும் கிடையாது. உனக்குப் பேச விருப்பம் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். கட்டணம் இல்லை, கடைசியில் உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், புதுசாக வந்தவன் போட வேண்டியதில்லை. குடியை நிறுத்தணும் என்ற எண்ணம் ஒன்றுதான் சேருவதற்குத் தகுதி.

பல கூட்டங்கள் சர்ச் வளாகத்தில் நடக்கும். "மதம் மாத்திடுவாங்க" என்று பெரியப்பா அப்போதே குதித்தார். இடம் மட்டும்தான் அவர்களுடையது, குழு யாருக்கும் சொந்தமில்லை. கடவுள் பேச்சு வரும்தான், ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள். அப்பா கடைசிவரை நெற்றி நிறைய விபூதியோடுதான் போய் உட்கார்ந்தார்.

ஆதாரம் எங்கே என்று கேட்பாய், இன்ஜினியர் ஆயிற்றே. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2020-இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது, பத்தாயிரம் பேருக்கு மேல். ஏ.ஏ.வோடு ஒழுங்காக இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்றப் பேச்சு சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறதாம். எல்லாருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

முதல் குழு பிடிக்காமல் போகலாம். அப்பாவுக்கும் பிடிக்கவில்லை, யாரோ ஒரு பெரியவர் பேசியே அறுத்தாராம், வந்து ராத்திரி முழுக்கத் திட்டினார். பிறகு வேறு குழுவுக்கு மாறினார், அங்கேதான் ஸ்பான்சர் கிடைத்தார், குடிக்கத் தோன்றும்போது கூப்பிட ஓர் ஆள். உன் ஏரியாவில் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் அடுத்த ஏரியாவுக்குப் போ. மெட்ரோ இருக்கிறது.

நான் வியாழக்கிழமை அல்-அனான் போகிறேன், குடிக்கிறவர்களின் வீட்டாருக்கான கூட்டம். பில்லின் மனைவி லோயிஸ் 1951-இல் ஆரம்பித்தது. உன் பாட்டிலை எண்ணுவது என் வேலை இல்லை என்று அங்கேதான் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முழுசாக வரவில்லை. அதனால் போனாயா, என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

பணம் மட்டும் இனி கையில் அனுப்பமாட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நேரே அங்கேயே கட்டிவிடுகிறேன். ஓபன் மீட்டிங்குக்குத் துணை வேண்டும் என்றால் முதல் நாளே சொல், காலை வைகையில் ஏறினால் மத்தியானம் எழும்பூரில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா