ஆர்.எஃப். லேப் சாவி குறித்து முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக் குழு வந்து போன மறுநாளே, ஆர்.எஃப். (ரேடியோ அதிர்வெண்) லேபில் சுற்றுகளை அளக்கும் கருவியான நெட்வொர்க் அனலைசர் பழையபடி உறைக்குள் போய்விட்டது. அளக்கும்போது கேபிளால் வரும் பிழையைக் கழிக்க உதவும் கேலிப்ரேஷன் கிட் பீரோவில். சாவியைக் கேட்டால் லேப் அசிஸ்டெண்ட் துறைத்தலைவரைக் கைகாட்டுகிறார். துறைத்தலைவர் ஸ்டோர்ஸைக் கைகாட்டுகிறார். நாங்கள் கொடுத்த விண்ணப்பங்கள் தங்கள் மேசையில்தான் இருக்கின்றன.

எங்கள் புராஜெக்ட்டுக்குக் கையெழுத்திட்டவரே தாங்கள்தான்: 900 மெகாஹெர்ட்ஸ் ஜி.எஸ்.எம். முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வரை ஒரே எல்.என்.ஏ. (மெல்லிய சிக்னலை இரைச்சல் அதிகம் சேர்க்காமல் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்). ஒரு பேண்டுக்கு மட்டும் என்றால் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையில் இண்டக்டர் வைத்து, சிக்னல் திரும்பி வராதபடி 50 ஓமுக்கு மேட்ச் செய்துவிடலாம். இத்தனை பேண்டுக்கு அது எடுபடாது. டிரான்சிஸ்டரைக் காமன் கேட் முறையில் இணைத்தால் மேட்ச் எளிதாகக் கிடைக்கும், ஆனால் பாடப்புத்தகக் கணக்கிலேயே நாய்ஸ் ஃபிகர் (ஆம்ப்ளிஃபையர் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 2.2 டெசிபலுக்குக் கீழே இறங்காது. ஃபீட்பேக் ரெசிஸ்டர் வைத்தால் அதுவும் தன் பங்குக்கு இரைச்சல் போடும். முதல் ஸ்டேஜில் கெட்டதைப் பின்னால் வரும் எந்த ஸ்டேஜாலும் மீட்க முடியாது என்பதால், அரை டெசிபலுக்குத்தான் இவ்வளவு மல்லுக்கட்டு. அந்த அரை டெசிபலை அளக்காமல் எப்படி ஐயா அறிவது? சாலிடர் செய்த எஸ்.எம்.ஏ. கனெக்டர் என்ன செய்யும் என்பது சிமுலேஷனுக்குத் தெரியாது.

அதை அளக்க, தெரிந்த அளவு இரைச்சல் தரும் நாய்ஸ் சோர்ஸை ஆன் செய்தும் ஆஃப் செய்தும் பார்த்து, இரண்டு ரீடிங்குக்கும் உள்ள விகிதத்தில் கணக்கிட வேண்டும். நாங்கள் தேடும் இரைச்சல் ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம்மை ஒட்டியது, அவ்வளவு மெல்லியது. வராந்தாவில் யாராவது போனை எடுத்தால் ரீடிங் குதிக்கிறது. ஷீல்டு பாக்ஸ் இல்லாததால் பிஸ்கட் டின்னில் ஓட்டை போட்டு, போர்டை உள்ளே வைத்து, மூடியைச் சுற்றிச் செம்பு டேப் ஒட்டினோம். அப்படியும் பகலில் நடக்கவில்லை. வகுப்புகள் விட்டு வளாகம் காலியான பிறகுதான் ரீடிங் நிற்கிறது. லேப் பூட்டப்படுவதும் சரியாக அந்த நேரத்தில்தான், 4.30 மணிக்கு. கிட் இல்லாமல் எடுத்த எஸ்11 வரைபடத்தில் (உள்ளே போகும் சிக்னலில் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டுவது) எங்கள் ஆம்ப்ளிஃபையரைவிட கேபிள்தான் அதிகம் தெரிகிறது.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: மாலை 8 மணி வரை லேப் திறந்திருக்க வேண்டும், கிட் எங்கள் கைக்கு வர வேண்டும்.

2021-ல் மத்திய அரசு செமிகண்டக்டருக்கு 76,000 கோடி ரூபாய் அறிவித்ததிலிருந்து நம் நுழைவாயிலில் 'சிப் டிசைன்' பேனர் இறங்கியதே இல்லை. அட்மிஷன் சீசனில் பெற்றோருக்கு அனலைசரைச் சுற்றிக் காட்டுகிறோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம்கூட வைக்கிறோம். தொட்டால் கெட்டுவிடும் என்ற அச்சம் புரிகிறது. தொடாமலே வாரண்டி முடிந்துவிட்டதே, அதையும் கொஞ்சம் பார்க்கலாம்.

சொல் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள்க. கனெக்டர்களை டார்க் ரெஞ்ச் (குறித்த விசைக்கு மேல் இறுக்காத ஸ்பேனர்) வைத்தே இறுக்குவோம், பதிவேட்டில் கையெழுத்திடுவோம், சேதம் வந்தால் பொறுப்பேற்போம். எழுதித் தரவும் தயார். அடுத்த ரிவ்யூவுக்கு முன் மாலை 8 மணி வரை லேபைத் திறந்துவைக்கவும், சாவி யார் பொறுப்பு என்று அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர் போடவும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தகவல் தொடர்புப் பொறியியல் முதுநிலை மாணவர்கள்