கொட்டகையின் சரிவைச் சமன் செய்துவிடாதீர்கள்

டார்லிங்டன், இங்கிலாந்து

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் ஊர்த் தியேட்டரை உரிமையாளரின் வாரிசுகள் விற்கப்போகிறார்கள், ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கிப் பொது அரங்கமாக நடத்த யோசிக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு வந்த மகிழ்ச்சி சொல்லி மாளாது. நாடகக் கம்பெனிகள் மாதக்கணக்கில் தங்கி ஆடுவதற்காகக் கட்டிய கொட்டகை அது. பிறகு சினிமா வந்தது. பிலிம் சுருள் போய் டிஜிட்டல் வந்தபோது, புதுக் கருவிக்குப் பணம் போட முடியாமல் எத்தனையோ சிற்றூர்த் தியேட்டர்களைப் போல அதுவும் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உர மூட்டைக் கிடங்காகிவிட்டதே என்று நீ வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். கிடங்காக இருந்ததற்காக வருத்தப்படாதே. அதனால்தான் அது இன்னும் நிற்கிறது.

இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ரிச்மண்ட் என்ற சிற்றூர் வந்துவிடும். ஸ்வேல் ஆற்றுக்கு மேலே ஒரு பழைய கோட்டை, அதையொட்டிக் கல் பாவிய சந்தைத் திடல், சுற்றிலும் சில தெருக்கள், அவ்வளவுதான் ஊர். அங்கே 1788-இல் கட்டிய நாடக அரங்கு ஒன்றில் இன்றும் நாடகம் நடக்கிறது. ஜார்ஜியன் தியேட்டர் ராயல் என்று அதற்குப் பெயர். வெளியே நின்று பார்த்தால் அலங்காரமே இல்லாத கல் சுவர். தானியக் களஞ்சியம் என்று நினைத்து யாரும் தாண்டிப் போய்விடலாம். உள்ளே நுழைந்தால் ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய பழைய டிக்கெட் கூண்டு. அதைத் தாண்டினால் கைக்கெட்டும் தூரத்தில் மேடை. நடுவே பள்ளத்தில் பெஞ்சுகள், மூன்று பக்கமும் பெரிய மனிதர்களுக்கான பெட்டி இருக்கைகள், அவற்றுக்கு மேலே மலிவு டிக்கெட் வாங்கியவர்களுக்கான மாடம். நாடகம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மாடத்துக்காரர்கள் எதிரே இருக்கும் பலகையைக் காலால் உதைப்பார்களாம். அந்தப் பலகையும் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் தரை டிக்கெட்காரர்கள் அடித்த விசில் உனக்கு நினைவிருக்கும்.

கட்டியவர் சாமுவேல் பட்லர் என்ற நடிகர். கம்பெனி நடத்தியவரும் அவரே. அரச உரிமம் பெற்ற சில அரங்குகளைத் தவிர வேறெங்கும் வசன நாடகம் போடக் கூடாது என்று 1737-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1788-இல்தான், லண்டனுக்கு வெளியே உள்ள ஊர்களில் 60 நாள் வரை நாடகம் நடத்த அந்தந்த ஊர் நீதிபதிகளே அனுமதி தரலாம் என்று தளர்த்தினார்கள். பட்லர் அதே ஆண்டு செப்டம்பரில் ரிச்மண்டில் அரங்கைத் திறந்துவிட்டார். ஹாரோகேட், கெண்டல், ரிப்பன், விட்பி, பெவர்லி என்று வேறு ஊர்களிலும் அவருக்கு அரங்குகள் இருந்தன. சீன்களையும் உடுப்புகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனி ஊர் ஊராகச் சுற்றியது. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட நம் பாய்ஸ் கம்பெனிகளின் பிழைப்பும் இதுதானே! அத்தனை அரங்குகளில் இன்று முழுதாக இருப்பது ரிச்மண்டில் இருப்பது மட்டுமே.

அது எப்படித் தப்பியது என்பதை உங்கள் குழுவில் நீ எடுத்துச் சொல்ல வேண்டும். 1848-இல் நாடகம் நின்று, அரங்கு ஏலக்கூடமாகிவிட்டது. பெஞ்சுகள் இருந்த பள்ளத்துக்கு அடியில் தோண்டி ஒயின் பாதாள அறைகள் கட்டினார்கள். பிறகு தானியக் கிடங்கு. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதமும் கழிவுப் பொருளும் சேர்த்து வைக்கும் இடம். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் இப்படி. ஆனால் கூரையைக் காக்கும் அளவுக்கு யாருக்காவது எப்போதும் அந்தக் கட்டடம் தேவைப்பட்டது. இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்கு ஆர்வமோ பணமோ யாருக்கும் இல்லை. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் 1819-இல் கட்டிய அரங்கின் கதையும் இதேதான். மதுபான நிறுவனம் ஒன்று பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்த அந்த அரங்கில் 1965-இல் மறுபடியும் நாடகம் தொடங்கியது. ஆகவே உர மூட்டை வைத்தவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். இன்னும் இரண்டு மழைக்காலத்துக்கு அவர்கள் வாடகைக்கு இருந்தாலும் நல்லதே.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். முழுப் பணமும் சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் வேலையை முடித்துத் திறப்பதா, இல்லை கைவசம் இருப்பதை வைத்துத் தொடங்குவதா என்று கேட்டிருந்தாய். தொடங்கிவிடுங்கள். ரிச்மண்டில் 1943-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஊருக்கு உரிமைப் பட்டயம் கிடைத்த 850-ஆம் ஆண்டைக் கொண்டாட அந்தக் கிடங்கைத் தற்காலிகமாக ஒழுங்கு செய்து மேடையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். உள்ளே இருப்பது என்னவென்று ஊர் மக்கள் கண்ணால் பார்த்தது அப்போதுதான். 1960-இல் அறக்கட்டளை அமைந்தது. 1963-இல் அரங்கு திறந்தது. 1979-இல் பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம். 2003-இல் மறுபடியும் ஒரு பெரிய சீரமைப்பு. அதற்கு ஏறக்குறைய 16 லட்சம் பவுண்டு செலவு. ஒரு தலைமுறை செய்து முடிக்காததை அடுத்த தலைமுறை எடுத்துச் செய்திருக்கிறது. நீங்கள் முதலில் மூட்டைகளை ஒரு வாரத்துக்கு ஒதுக்கச் சொல்லி, தரையைக் கூட்டி, ஒரே ஒரு இரவு வள்ளித் திருமணம் நடத்துங்கள். அன்றைக்கு வந்து உட்காருகிறவர்கள்தான் பிறகு நன்கொடை கொடுப்பார்கள். துண்டறிக்கை படித்துக் கொடுப்பவர்கள் குறைவு.

அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1818-க்கும் 1836-க்கும் இடையில் வண்ணம் தீட்டிய, காட்டைக் காட்டும் ஒரு மேடைச் சீன். பிரிட்டனில் இன்று முழுமையாக மிஞ்சியிருக்கும் மேடைச் சீன்களில் மிகப் பழையது இதுதான். கம்பெனியில் தர்பார், தெரு, காடு என்று பொதுவாகச் சில படுதாக்களை வைத்துக்கொண்டு எல்லா நாடகத்துக்கும் மாற்றி மாற்றி இறக்குவார்களே, அதே வழக்கம் இங்கேயும் இருந்திருக்கிறது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்ப்பதற்காகத் தீட்டிய மரங்கள். அதன் முன்னால் நின்றபோது, நம் கொட்டகையில் மேடைக்குப் பின்னால் பரண்மேல் சுருட்டிக் கிடந்த படுதாக்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. அவை இன்னும் இருக்கின்றனவா? இருந்தால் யாரும் தூசி தட்டவோ விரித்துப் பார்க்கவோ வேண்டாம். காய்ந்த வண்ணம் மடிப்பில் உதிர்ந்துவிடும். சுருட்டியது சுருட்டியபடியே, ஈரமும் கரையானும் அண்டாத இடத்துக்கு மாற்றி வையுங்கள். பழைய ஓவியங்களைப் பாதுகாக்கத் தெரிந்தவர் வந்து பார்க்கட்டும்.

கல்யாண மண்டபமாக்கினால் வருமானம் நிச்சயம் என்று சிலர் சொல்வதாக எழுதியிருந்தாய். வருமானம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கல்யாணமும் ஊர்க் காரியம்தான். ஆனால் மண்டபம் என்று முடிவெடுத்தால் பந்தி போடுவதற்காக முதலில் செய்வது தரையின் சரிவைச் சமன் செய்வதுதான். அடுத்தது மேடையைக் குறுக்குவது. இரண்டும் போனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கு மேடை தெரியாது. அதன் பிறகு அது எத்தனை அழகாக இருந்தாலும் அரங்கு ஆகாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ரிச்மண்டில் கழிப்பறை, டிக்கெட் அறை, உட்கார்ந்து பேசும் இடம் என்று இந்தக் காலத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் பழைய சுவருக்கு வெளியே, ஒட்டினாற்போல் ஒரு புதுக் கட்டடத்தில் வைத்துவிட்டார்கள். நம் தியேட்டருக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்த இடம் காலியாகத்தானே கிடக்கிறது? சாப்பாட்டுக் கூடத்தை அங்கே கட்டுங்கள். முகூர்த்த நாள்களில் வாடகைக்கு விடுங்கள். அந்தப் பணம் உள்ளே கூத்து நடத்த உதவட்டும்.

இங்கே சிற்றூர் அரங்குகள் பலவற்றைத் தாங்கி நிறுத்துவது கிறிஸ்துமஸ் சமயத்தில் நடக்கும் பாண்டோமைம் என்ற வேடிக்கை நாடகம். ஆண் பெண் வேடம் போட்டு வருவான், பபூன் அடிவாங்குவான், குழந்தைகள் மேடையைப் பார்த்துக் கூச்சல் போடுவார்கள். உயர்ந்த கலை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை ஊரே குடும்பத்தோடு வந்து உட்காருகிறது. ரிச்மண்டிலும் ஆண்டு தவறாமல் நடக்கிறது. டிக்கெட் கிழிப்பது, வழிகாட்டுவது, அரங்கைச் சுற்றிக் காட்டி விளக்குவது எல்லாம் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வரும் ஊர்க்காரர்கள். பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விழா, மாலையில் பிள்ளைகளுக்குப் பறையும் சிலம்பமும் என்று நம் ஊரில் நடத்துவதற்கு ஒன்றுமா இல்லை?

கூரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஓடுகளை எடுத்துவிட்டு இடையில் ஒரு காலத்தில் போட்டது ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்பது என் நினைவு. உடைந்த தகட்டைச் சம்மட்டியால் அடித்துக் கழற்ற விடாதே. அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து ஆளைக் கொல்லும். இந்த நாட்டில் 1999-இல் முற்றாகத் தடை செய்துவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களை வைத்து, நனைத்து, உடையாமல் இறக்க வேண்டும். செலவு கூடும்தான், ஆனாலும் அதில் சிக்கனம் வேண்டாம்.

என் சேதி அதிகம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மகளும் பேத்தியும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். போன டிசம்பரில் பேத்தியைப் பாண்டோமைமுக்கு அழைத்துப் போனேன். தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தாள். தங்கைக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்களா? தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விவரம் வேண்டும். மேடையின் அகலமும் ஆழமும். பின்சுவரில் நீர்க்கசிவு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்பது. வாரிசுகளில் எத்தனை பேர் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள் என்பது. அறக்கட்டளையா, சங்கமா என்பதை ஒரு நல்ல வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும், இடத்தை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது என்ற ஒரு வரி பத்திரத்தில் இருக்கட்டும். என் பங்குப் பணத்தை இந்த மாதமே அனுப்புகிறேன். தை மாதம் கூட்டம் என்றாய். தேதியை உறுதி செய்து எழுது, அதற்கேற்ப விமான டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்