அந்த ராத்திரிக்குக் கை குடுத்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை டேவான்ல (மண்டபத்துல) நேதாஜியோட ஐ.என்.ஏ.வையும் (இந்திய தேசிய ராணுவம்) சயாம் ரயிலுக்குப் போனவங்களையும் நெனச்சு நடத்துன நிகழ்ச்சி முடிஞ்சு, நாற்காலியெல்லாம் அடுக்கி வெச்சிட்டு வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கமே வரல, பாதிப் பேருக்கு நன்றிகூட சொல்லாம வந்துட்டோமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது, அதான் இத எழுதுறேன்.

மொதல்ல போலீஸ் பேண்டுல இருந்து ரிட்டயர் ஆன மாமாவுக்கு. நாங்க 'கதம் கதம் படாயே ஜா'வ இழுத்து இழுத்து கச்சேரி மாதிரி பாடிட்டு இருந்தோம். அவரு ஒரு நாள் வந்து கேட்டுட்டு, இது ஐ.என்.ஏ. பட்டாளத்துக்கு ராம் சிங் தாகூரி மெட்டு போட்டது, நடக்குறதுக்கான பாட்டுமா, எல்லாரும் எழுந்திரிங்கன்னாரு. அன்னைக்கு எழுந்தவங்கதான், எட்டு வாரம் உட்காரவே விடல. உறுமி அடிக்கிற தம்பிங்களுக்கு பேண்டு தாளம் புடிபட்டதும் அவராலதான்.

பிள்ளைங்களுக்கு இந்தி தெரியாது, பாட்ட ரோமன் எழுத்துல டைப் பண்ணித்தான் வாட்ஸ்அப்ல அனுப்பினோம், எனக்கு அது கொஞ்சம் சங்கடமாவே இருந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஐ.என்.ஏ.லயே இந்துஸ்தானி மொழிய ரோமன் எழுத்துலதான் சொல்லிக் குடுத்திருக்காங்க. மலாயா ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவிட்டு, ஐ.என்.ஏ.வோட பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைக்குப் போன நம்ம பொண்ணுங்களும் இப்படி எழுத்துக் கூட்டித்தானே படிச்சிருப்பாங்கன்னு சொன்னதும் பிள்ளைங்க பாடின விதமே மாறிப்போச்சு.

தையல்கடை அக்காவுக்குப் பெரிய நன்றி. காக்கி சட்டை, கால்சட்டை, தொப்பி, 20 செட்டு, துணிக்காசு மட்டும்தான் வாங்கினாங்க. ஏன் 20ன்னு நெறைய பேர் கேட்டீங்க. 1943 ஜூலை 12ல சிங்கப்பூர்ல நேதாஜிக்கு அந்தப் பெண்கள் படைக்குத் தலைவியான டாக்டர் லட்சுமி 20 பொம்பளைங்கள நிறுத்தி அணிவகுப்பு மரியாதை குடுத்தாங்க, அப்ப யூனிபார்ம்லாம் கெடையாது, புடவையோடவே கனமான துப்பாக்கியத் தூக்கி நின்னாங்க. அதுக்காகத்தான் நம்ம பொண்ணுங்க மொதல்ல புடவைல வந்து அப்புறம் காக்கிக்கு மாறுனது. மரத்துல துப்பாக்கி செஞ்சு குடுத்த பக்கத்து வீட்டு சீன அங்கிளுக்கும் நன்றி, அவரு காசே வேணாம்னுட்டாரு.

இப்ப ஒன்னு சொல்லியாகணும். சயாம் மரண ரயில (ஜப்பான்காரன் நம்ம தோட்டத்து ஆளுங்களயும் கொண்டுபோயி சயாம்-பர்மாவுக்கு நடுவுல போட வெச்ச ரயில் பாதை, செத்தவங்க ஏராளம்) இதோட சேக்க வேணாம், நல்ல நாள்ல ஒப்பாரி எதுக்குன்னு கமிட்டில சிலர் சொன்னாங்க. அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா தேதியப் பாருங்க. 415 கிலோமீட்டர் தண்டவாளம் ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து ஒன்னா முட்டி முடிஞ்சது 1943 அக்டோபர் 17, சிங்கப்பூர் கேத்தே தியேட்டர்ல நேதாஜி ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசாங்கத்த அறிவிச்சது அக்டோபர் 21. நாலே நாள். ஒரே தோட்டத்துல ஒரு லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) இருந்து பட்டாளத்துக்குப் போயிருப்பாங்க, அடுத்த லயத்துல இருந்து சயாமுக்குப் போயிருப்பாங்க, ஒருத்தர மட்டும் நெனச்சுட்டு இன்னொருத்தர எப்படி விடுறது? கடைசில ஒத்துக்கிட்ட கமிட்டிக்கு ரொம்ப ரொம்ப நன்றி.

அந்த ஒப்பாரியப் பாடின பாட்டிக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவங்க அப்பா சயாமுக்குப் போறப்ப இவங்க கைக்கொழந்தை, அவரு திரும்பவே இல்ல. அம்மா பாடினதக் கேட்டுக் கேட்டு மனசுல வெச்சிருந்தாங்க. நடுவுல குரல் அடைச்சு நின்னுட்டாங்க, உறுமித் தம்பி மட்டும் நிறுத்தாம ரொம்ப மெதுவா இழுத்துட்டே இருந்தான், அத யாரும் அவனுக்கு சொல்லிக் குடுக்கல. பாட்டி திரும்ப எடுத்தாங்க. முடிஞ்சப்ப யாரும் கை தட்டல, முன் வரிசைல இருந்த ஒரு தாத்தா எழுந்தாரு, அப்புறம் டேவானே எழுந்து நின்னுச்சு.

அவிச்ச மரவள்ளியும் தேங்காப்பூவும் சம்பலும் குடுத்த கிச்சன் பெண்களுக்கு நன்றி. ஜப்பான்காரன் காலத்துல அரிசி கெடைக்காம எல்லாரையும் காப்பாத்துன கெழங்கு அது, அன்னைக்கு ஒரு துண்டுகூட மிஞ்சல. மைக் செட்டு நின்னு போனப்ப காரை உள்ள கொண்டாந்து பேட்டரில வயர் மாட்டின தம்பிக்கும்.

காக்கி செட்ட துவைச்சு வெள்ளிக்கெழமைக்குள்ள அக்கா கடைல குடுத்துடுங்க. பாட்டி பாடினத யாராவது முழுசா ரெக்கார்ட் பண்ணியிருந்தா எனக்கு அனுப்புங்க, பேரப்பிள்ளைங்க கேக்குறாங்க.