பொங்கவும் கூடாது, பச்சையாகவும் கூடாது

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அறுவடை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, பெரியவனுக்கு வேலை மாற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து பேனாவைத் தொடவிடவில்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். செண்பகம் மதுரைக்கே மாற்றலாகி வந்துவிட்டாள். அதே குரல், அதே "நான் அப்போதே சொன்னேனே!"

விஷயத்துக்கு வருகிறேன். கவிதா முழுகாமல் இருக்கிறாள், வாய்க்கு எதுவும் பிடிக்காமல் பிட்சா மட்டும் கேட்கிறாள், கடைச் சீஸ் வேண்டாம், நீ செய்யும் அந்த இழுபடும் மொசரெல்லா சீஸைச் சொல்லிக்கொடு, பால்காரரிடம் பச்சைப்பாலுக்குச் சொல்லிவைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். முதல் சேதியைப் படித்ததும் அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டாள். கடைசிச் சேதிக்குத்தான் இந்தக் கடிதம். முழுதும் படித்துவிட்டு அடுப்பைப் பற்றவை.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே பாப்பாத்தியக்காவின் எருமையால்தான். எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு பங்கு இருக்கும். பசும்பாலில் நாலுக்குப் பக்கம். புரதமும் கூடுதல். அதே நாலு லிட்டருக்குப் பசும்பாலில் அரைக் கிலோ தேறுவதே கஷ்டம்; எருமைப்பாலில் தாராளமாகத் தாண்டும். நிறமும் பளிச்சென்ற வெள்ளை. இத்தாலியில் நேப்பிள்ஸை ஒட்டிய காசெர்த்தா, சலேர்னோ பக்கங்களில் எருமைப்பாலில்தான் பேர்போன மொசரெல்லா செய்கிறார்கள். 1996இலிருந்து 'மொசரெல்லா தி பூஃபலா கம்பானா' என்ற அதன் முழுப்பெயருக்கு ஐரோப்பியச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே அந்த வட்டாரத்துக்கு வெளியே யார் செய்தாலும் அந்த முழுப்பெயரைப் போட முடியாது. நம் ஊரில் சோம்பேறியைத் திட்டுவதற்கு வைத்திருக்கும் பிராணிக்கு அங்கே அத்தனை மதிப்பு!

பால் அடுப்பில் ஏறினால் பொங்கி வரும்வரை உன் கை சும்மா இருக்காது. இதற்கு அந்தப் பழக்கம் ஆகாது. பாலின் முக்கியப் புரதம் கேசீன். கொதித்த பாலில் அது அல்லாத மற்றப் புரதங்கள் உருக்குலைந்து கேசீன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரென்னட்டை, அதாவது பாலை உறையவைக்கும் நொதியை, ஊற்றினால் பால் சரியாக உறையாது. கொழகொழவென்று நிற்கும், இழுத்தால் நீளாது. பன்னீர் அப்படிக் கொதித்த பாலில் புளிப்பு விட்டுத் திரித்துச் செய்வதால்தான் எவ்வளவு சூட்டில் போட்டாலும் உருகுவதில்லை. மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டிப் பாலும் இதற்கு உதவாது.

கொதிக்கவே கூடாதென்றால் கறந்த பாலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்றுதான் நீ யோசித்திருப்பாய். அங்கேதான் உன்னைத் தடுக்கிறேன், வசந்தி. விஜயாவின் அண்ணனை நினைத்துப்பார். காய்ச்சல் வரும், விடும், மறுபடி வரும். இரவெல்லாம் வியர்வை, மூட்டுக்கு மூட்டு வலி. டைபாய்டு என்று பார்த்தார்கள், மலேரியா என்று பார்த்தார்கள். கடைசியில் இரத்தத்தில் புரூசெல்லா, மாட்டிடமிருந்து பால்வழியே வரும் கிருமி. தோட்டத்தில் கறந்த சூட்டோடு பால் குடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டார். அந்தக் கிருமி இருக்கும் மாடு குறைமாதத்தில் கன்றை வீசினால் ஒழிய வெளியே ஒன்றும் தெரியாது. கொழுகொழுவென்று நின்றுகொண்டு பாலும் கொடுக்கும். உன் பால்காரர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் மடியைப் பார்த்து இதைச் சொல்ல அவரால் முடியாது.

கவிதாவுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. லிஸ்டீரியா என்று ஒரு கிருமி. பச்சைப்பாலிலும் அதில் செய்த மென்மையான சீஸிலும் இருக்கலாம். ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சலும் உடம்புவலியுமாக வந்துபோகும். ஆனால் வயிற்றுப் பிள்ளையைப் பறித்துவிடவும் கூடும். கொதிநீரில் போட்டுத்தானே இழுக்கிறோம், அதில் செத்துவிடாதா என்று கேட்பாய். நீர் கொதித்தாலும் கட்டியின் நடுப்பகுதி போதுமான நேரம் அந்தச் சூட்டில் இருப்பதில்லை. அதை நம்பாதே. பிள்ளை பிறக்கும்வரை பச்சைப்பால் சீஸ் அவள் வாயில் படவே கூடாது. நம் சிநேகிதத்தின் பேரில் கேட்கிறேன்.

வழி இல்லாமல் இல்லை. பாலை 63 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, அதற்குக் கீழே இறங்காமல் முப்பது நிமிடம் வை. புரூசெல்லாவும் லிஸ்டீரியாவும் அதில் ஒழியும். உறையும் குணமும் கெடாது. 70ஐத் தொடவிடாதே. அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்குள் பால் பாத்திரத்தை இறக்கி, கிளறிக்கொண்டே இரு. கைவைத்துப் பார்த்துச் சூட்டைக் கணக்கிடும் வேலையெல்லாம் இங்கே செல்லாது, தெர்மாமீட்டர் கட்டாயம். முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் வைத்து நன்றாகக் குளிரவிடு.

நாலு லிட்டர் குளிர்ந்த பாலுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், ஒரு கப் தண்ணீரில் கரைத்தது. எருமைப்பால் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும், அதனால் இன்னும் கொஞ்சம் கேட்கும். பிறகு மெல்ல 32 டிகிரிக்குச் சூடேற்றி, ரென்னட்டைக் கால் கப் தண்ணீரில் கலந்து ஊற்று. அளவு அந்தந்தப் பாக்கெட்டில் போட்டிருக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் அதை வீணாக்கிவிடும். கிணற்று நீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொள். அரை நிமிடம் கலக்கிவிட்டுக் கையை எடு. பத்து நிமிடத்துக்குள் உறையும். விரலைச் சாய்வாக நுழைத்துத் தூக்கு: வெட்டினாற்போல் பிளந்து, பிளவில் இளம்பச்சைத் தண்ணீர் ஊறினால் பதம்.

கத்தியால் கட்டம் கட்டமாக அறுத்து, 40 டிகிரி வரை சூடேற்றி, வடிகட்டு. வடிந்ததைத் துண்டு துண்டாக்கி 80 டிகிரி உப்புத் தண்ணீரில் போட்டுக் கரண்டியால் அமுக்கு. ரப்பர் உறை மாட்டிக்கொள். முதலில் சொரசொரப்பாக, அங்கங்கே பிய்ந்துகொண்டு வரும். மடித்து இழுக்க இழுக்க மேற்புறம் ஒரே சீராகி மினுங்கத் தொடங்கும். ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கினால் தன் கனத்திலேயே முழ நீளம் இறங்கும், அறாது. எனக்கு இன்னும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மனம் துள்ளுகிறது. கேசீனைக் கட்டிவைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதியைப் புளிப்பு கழற்றிவிடுவதால்தான் இப்படி நீள்கிறது. புளிப்பு அளவாக இருக்க வேண்டும். புளிப்பு குறைந்தால் பிய்யும், மிஞ்சினால் உதிர்ந்து கரையும். இத்தாலியில் அந்தப் பேர்போன எருமைப்பால் மொசரெல்லாவுக்கு அமிலம் போடுவதில்லை. நாம் மோர் உறை வைப்பதுபோல் முந்தைய நாள் வடித்த தண்ணீரை ஊற்றிப் பல மணி நேரம் காத்திருக்கிறார்கள். அந்த ருசியே தனி. உனக்கு இப்போதைக்கு அமிலம் போதும்.

உன் மாமியார் ரென்னட் எதிலிருந்து வருகிறது என்று கட்டாயம் கேட்பார். கன்றின் வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு. பூஞ்சையிலிருந்து எடுப்பதும் உண்டு. பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்கி, முதலில் அவரிடமே காட்டிவிடு. வடித்த தண்ணீரைக் கொட்டாதே, சப்பாத்தி மாவு பிசை. செய்த சீஸை அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள்.

ரென்னட் அங்கே கிடைக்காவிட்டால் எழுது, என்னிடம் இருப்பதில் பாதியை அனுப்புகிறேன். அதற்குள் கவிதாவைப் பார்க்கும் மருத்துவரிடமும் இந்தச் சீஸ் விஷயத்தை ஒரு வார்த்தை கேட்டுவிடு. அவர் வேண்டாம் என்றால் பிட்சாவே வேண்டாம், நான் முருங்கைக்கீரை அடை செய்து எடுத்துவருகிறேன். பால்காரரிடம் என்ன சொன்னாய் என்று மறுதபாலில் எழுது.

அன்புடன்,
மல்லிகா